கடல் கடந்தாலும் கவுண்டி வாக்காளர்தான்: வெளிநாடுவாழ் அமெரிக்கக் குடிமக்களுக்கான கேள்வி – பதில்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் தமிழகத்துக்குத் திரும்பியவர்கள், வேலை நிமித்தம் சிங்கப்பூர், லண்டன் என்று குடிபெயர்ந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எனப் பலரும் வாக்களிப்பது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். 2026 நவம்பர் 3 அன்று பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், ஸெனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் தேர்தல். அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

நியூ ஜெர்சியில் பல வருடம் இருந்து குடியுரிமை வாங்கினோம். ஓய்வுபெற்றதும் எடிசனில் இருந்த வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கே வந்துவிட்டோம். அங்கே எங்களுக்கென்று ஒரு முகவரிகூட இல்லை. வாக்குரிமை போய்விட்டதா? டெக்சாஸில் இருக்கும் தம்பி வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா?
– வாசகர், அடையாறு

போகவில்லை. அமெரிக்காவில் வீடு வாசல் இல்லாதவருக்கும், திரும்பிப் போகும் எண்ணம் இல்லாதவருக்கும் அதிபர், ஸெனட், பிரதிநிதிகள் சபைக்கான கூட்டாட்சித் தேர்தலில் வாக்கு உண்டு. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றி, 1976 ஜனவரி 2 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். ராணுவத்தினரும் வெளிநாடுவாழ் குடிமக்களும் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க வகைசெய்வது அதுதான்.

அதன்படி, நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் நீங்கள் கடைசியாகக் குடியிருந்த வீடுதான் உங்கள் வாக்காளர் முகவரி. அந்த வீட்டில் இன்று வேறு யாரோ இருக்கலாம், இடித்துக் கடை கட்டியிருக்கலாம். அதனால் ஒன்றும் குறைவதில்லை. எந்தத் தொகுதி, எந்த வாக்குச்சீட்டு என்று முடிவு செய்யத்தான் அந்த முகவரி. யாரும் அங்கே உங்களுக்குத் தபால் அனுப்பப் போவதில்லை. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு; எடிசன், மிடில்செக்ஸ் கவுண்டியில் வருகிறது. ஆகவே உங்கள் விண்ணப்பம் அந்தக் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

தம்பி வீட்டு முகவரி கூடவே கூடாது. நீங்கள் குடியிருக்காத இடத்தை வாக்காளர் முகவரியாக எழுதிக் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. அந்தப் படிவம் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. விடுமுறைக்கு மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியதும் குடியிருந்ததாகக் கணக்கில் வராது.

விசித்திரமான ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தவர் அதிபர் தேர்தலில் வாக்களிக்கலாம். அதே மனிதர் அமெரிக்கப் பிரதேசமான போர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபெயர்ந்தால் அந்த உரிமையை இழந்துவிடுவார். இது நியாயமில்லை என்று வழக்குகள் நடந்தும் நிலைமை மாறவில்லை.

விண்ணப்பத்தை எங்கே, எப்படி, எப்போது நிரப்புவது? போன தேர்தலுக்கே பதிவு செய்திருக்கிறேன், மறுபடியும் செய்ய வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

செய்ய வேண்டும். எங்களுக்கு வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் தொடங்குகின்றன. "2020இல் வீட்டுக்கே வாக்குச்சீட்டு வந்தது, 2022இல் வரவில்லை" என்பவர்களுடைய பெயர் பட்டியலில் அப்படியேதான் இருக்கும். வாக்குச்சீட்டுக் கோரிக்கைதான் காலாவதியாகியிருக்கும். பல மாநிலங்களில் ஒரு விண்ணப்பம் அந்தக் காலண்டர் ஆண்டுக்கு மட்டுமே செல்லும். எனவே ஒவ்வொரு தேர்தல் ஆண்டும் ஜனவரியில் ஒரு புதிய விண்ணப்பம். நடுவில் வீடு மாறினாலோ மின்னஞ்சல் மாறினாலோ இன்னொன்று. ஜனவரியைத் தவறவிட்டவர் இன்றே அனுப்பட்டும். ஆனால் மாநிலத்தின் கடைசித் தேதியை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிவத்தின் பெயர் ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன், சுருக்கமாக எஃப்.பி.சி.ஏ. வாக்காளர் பதிவு, வாக்குச்சீட்டுக் கோரிக்கை இரண்டும் இந்த ஒரே தாளில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் எஃப்.வி.ஏ.பி. என்ற வாக்களிப்பு உதவித் திட்டத்தின் இணையதளத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்து அச்செடுக்கலாம். உங்கள் மாநிலம், கவுண்டியைத் தேர்ந்தெடுத்தால் எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அங்கேயே வந்துவிடும். நியூ இங்கிலாந்து மாநிலங்களில் கவுண்டிக்குப் பதிலாக நகர அலுவலகம் இருக்கும்.

நம்மவர்கள் தடுமாறும் இடங்களைச் சொல்கிறோம்.

முதல் கட்டத்திலேயே நீங்கள் யார் என்று கேட்பார்கள். திரும்பி வரும் எண்ணம் உண்டு, திரும்புவது உறுதியில்லை, அமெரிக்காவில் வசித்ததே இல்லை என்று வெளிநாட்டுக் குடிமக்களுக்கு மூன்று தெரிவுகள். உண்மை எதுவோ அதைக் குறியுங்கள். இதைப் பொறுத்து உங்களுக்கு வரும் சீட்டு மாறலாம். நியூயார்க் போன்ற மாநிலங்கள், நிரந்தரமாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதிபர், ஸெனட், பிரதிநிதிகள் சபை மட்டும் உள்ள சீட்டைத்தான் அனுப்பும். ஆளுநர், மேயர், பள்ளி வாரியம் எதுவும் அதில் இருக்காது.

பிறந்த தேதியை அமெரிக்க முறையில், மாதம் முதலில், நாள் பிறகு என்று எழுத வேண்டும். அக்டோபர் 5 என்பது 10/05. பழக்க தோஷத்தில் 05/10 என்று எழுதினால் அங்கே அது மே 10 ஆகிவிடும். பழைய பதிவோடு பொருந்தாமல் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கையெழுத்துக்குப் பக்கத்தில் போடும் தேதிக்கும் இதே விதி.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அல்லது அந்த மாநில டிரைவிங் லைசென்ஸ் எண் கேட்பார்கள். முடிந்தால் இரண்டையும் கொடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இரண்டு முகவரிகளுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த முகவரி வாக்காளர் முகவரிக் கட்டத்தில். இன்றைய கோவை முகவரி, நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கான கட்டத்தில். இந்திய முகவரியின் கடைசி வரியில் 'இந்தியா' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தனியாக எழுதுங்கள். ஆறு இலக்கப் பின்கோடை மட்டும் பார்த்துவிட்டு அதை அமெரிக்க ஜிப் கோடு என்று கணினியில் ஏற்றிவிட்டால், சீட்டு கோவைப் பக்கமே வராது.

வாக்குச்சீட்டு எப்படி வர வேண்டும் என்ற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு மின்னஞ்சலைக் குறியுங்கள். 2009ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு எல்லா மாநிலங்களும் கேட்டவருக்கு வெற்றுச் சீட்டை மின்வழியில் அனுப்பியாக வேண்டும். அதுவும் தேர்தலுக்கு 45 நாள் முன்பே. 2026 நவம்பர் தேர்தலுக்கு அந்தக் கெடு செப்டம்பர் 19. அன்றைக்கு மறுநாள் உங்கள் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். கவுண்டிகள் பெரும்பாலும் வெளி நிறுவனங்களின் மென்பொருள் வழியாக அனுப்புவதால், அனுப்புநர் பெயர் அறிமுகமில்லாததாக இருக்கும்.

நிரப்பியதும் அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன. சிலவற்றில் மூலப் பிரதியையும் தபாலில் கேட்பார்கள். அனுப்பியபின் இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பொறுப்பாகப் பதில் எழுதுகிறார்கள்.

குடியுரிமைக்கு ஆவணச் சான்று இணைக்க வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் வந்த அதிபர் ஆணை அப்படித்தான் மாற்றச் சொன்னது. அந்த ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நிரப்பும் நாளில் படிவத்தின் குறிப்புகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகாமல் வைத்திருப்பது எப்படியும் நல்லது.

என் மகன் சென்னையில் பிறந்தவன். பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன், ஆனால் அங்கே ஒருநாள்கூட வசித்ததில்லை. இப்போது 18 வயது. அவன் எந்த மாநிலத்தில் வாக்களிப்பான்?
– வாசகி, அண்ணா நகர்

பெற்றோர் எந்த மாநிலத்தில் கடைசியாக வசித்தார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பான்மை மாநிலங்கள், அப்பாவோ அம்மாவோ கடைசியாகக் குடியிருந்த முகவரியை வைத்துப் பிள்ளைக்கு வாக்குரிமை தருகின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி எல்லாம் இந்த வகை. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. நீங்கள் ஹூஸ்டனிலிருந்து வந்தவரென்றால் உங்களுக்கு வாக்கு உண்டு, மகனுக்கு இல்லை. பெற்றோர் இருவரும் வெவ்வேறு மாநிலங்களில் கடைசியாக வசித்திருந்தால், அனுமதிக்கும் மாநிலத்துப் பெற்றோரின் முகவரியை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினர்மீது இப்போது வழக்குகள் பாய்கின்றன. வட கரோலினா உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கான 2024 தேர்தலில் ஆலிசன் ரிக்ஸ் 734 வாக்கு வித்தியாசத்தில் முன்னிலை பெற்றார். தோற்ற வேட்பாளர் தொடுத்த வழக்கில், வெளிநாட்டில் பிறந்து அமெரிக்காவில் வசித்திராத வாக்காளர்களின் சீட்டுகளும் குறிவைக்கப்பட்டன. 2025 மே மாதத்தில்தான், நடந்து முடிந்த தேர்தலின் விதியைப் பின்னால் மாற்ற முடியாது என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். ஆனால் இனிமேல் அந்த மாநிலத்தின் உள்மாநிலப் பதவிகளுக்கு அவர்கள் வாக்களிக்க முடியாது என்ற மாநில நீதிமன்றத் தீர்ப்பு நிற்கிறது. ஆகவே மகனுக்காக ஒவ்வொரு ஆண்டும் மாநில விதியைப் புதிதாகப் பாருங்கள். குடும்பத்தில் மூத்தவருக்குச் சரியாக இருந்தது இளையவருக்கும் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சீட்டு மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதையும் மின்னஞ்சலிலேயே திருப்பி அனுப்பலாமா? தபால் என்றால் எதில் அனுப்புவது?
– வாசகர், திருச்சி

இங்கேதான் கவனம் வேண்டும். வருவதற்குள்ள சுலபம் போவதற்கு இல்லை. வாக்களித்த சீட்டைத் திருப்பி அனுப்பும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வாஷிங்டன், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் மின்னஞ்சலில் ஏற்கும். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா ஃபேக்ஸில் ஏற்கும். நியூ ஜெர்சி மின்னஞ்சலில் ஏற்றாலும் தாளையும் தபாலில் கேட்கும். நியூயார்க், பென்சில்வேனியா, ஜார்ஜியா போன்றவற்றுக்குத் தாள்தான். டெக்சாஸும் பொதுமக்களுக்குத் தபால் மட்டுமே. மின்வழியில் அனுப்பினால் உங்கள் வாக்கு அலுவலர் கண்ணில் படும். ரகசியத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று தனித்தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்தத் தாளை இணைக்க மறந்தால் சீட்டு செல்லாது.

அச்செடுக்கும்போது நம் கடைகளில் ஏ4 தாள்தான் கிடைக்கும், அமெரிக்க லெட்டர் அளவு கிடைக்காது. கவலை வேண்டாம். மின்னஞ்சலில் போன சீட்டை அவர்களுடைய ஸ்கேனர் நேரடியாக ஏற்காது. அலுவலர்கள் சேர்ந்து உங்கள் தெரிவுகளை அதிகாரபூர்வத் தாளில் படியெடுத்துத்தான் எண்ணுவார்கள். பக்கத்தின் ஓரம் வெட்டுப்படாமல், வேட்பாளர் பெயருக்குப் பக்கத்து வட்டம் தெளிவாக இருந்தால் போதும். கறுப்பு அல்லது நீலப் பேனா. தவறாகக் குறித்துவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள், இன்னொரு பிரதி அச்செடுங்கள்.

பிறகு உறை. மடித்த சீட்டு உள்ளுறையில், உள்ளுறை வெளியுறையில், உறுதிமொழியில் கையெழுத்தும் தேதியும். மாநிலம் அனுப்பிய குறிப்பில் எந்த வரிசை சொல்லியிருக்கிறதோ அதே வரிசை. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் சாட்சிக் கையெழுத்தும் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சீட்டு எண்ணப்படாது.

அனுப்ப மூன்று வழிகள் இருக்கின்றன. இந்திய அஞ்சல் மலிவு, ஆனால் தேதியை நம்ப முடியாது. அமெரிக்கச் சுங்க விதிகள் மாறியதில், 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவுக்கான எல்லாத் தபால் சேவைகளையும், கடிதம், ஆவணம் உட்பட, இந்திய அஞ்சல் துறை நிறுத்திவிட்டது. அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. பொதுத்தேர்தல் ஆண்டில் அப்படி நேர்ந்திருந்தால், சீட்டு கையில் இருக்கும் நான்கு வாரம் முழுக்க வழியடைத்திருக்கும். இனி அப்படி நடக்காது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது, அமெரிக்கத் துணைத் தூதரகம். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அண்ணா சாலையில் இருக்கிறது. அங்கே வாக்குச்சாவடி எதுவும் கிடையாது. நேரில் போய் வாக்களிக்க முடியாது. ஒட்டிய உறையை மட்டும் வாங்கிக்கொண்டு தூதரகத் தபால்பையில் அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். உறையில் கவுண்டி அலுவலக முகவரி இருக்க வேண்டும். அமெரிக்கத் தபால்தலை ஒட்டியிருக்க வேண்டும், அல்லது எஃப்.வி.ஏ.பி. தளத்தில் கிடைக்கும் 'தபால்கட்டணம் செலுத்தப்பட்டது' அச்சு இருக்க வேண்டும். அந்த அச்சு அமெரிக்கத் தபாலுக்கு மட்டும்தான். அதே உறையை உள்ளூர்த் தபால் நிலையத்தில் கொடுத்தால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பையில் போவது நான்கு வாரம்வரை ஆகலாம். செப்டம்பர் கடைசி வாரத்தில் கொடுப்பவருக்கு இது நல்ல வழி, அக்டோபர் பாதிக்குமேல் வேண்டாம். பெறும் நாள், நேரத்தை அமெரிக்கக் குடிமக்கள் சேவைப் பிரிவில் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். கைபேசியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

மூன்றாவது, தனியார் கூரியர். செலவு ஆயிரங்களில் வரும், ஆனால் சில நாட்களில் போய்ச் சேரும், சேர்ந்த விவரமும் தெரியும். ஒரு எச்சரிக்கை: பல கவுண்டி அலுவலகங்கள் தபால்பெட்டி எண்ணைத்தான் முகவரியாகக் கொடுத்திருக்கும். கூரியர்காரர்கள் தபால்பெட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. அலுவலகத்தின் தெருமுகவரியை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிட்டு அனுப்புங்கள். ஒரே வீட்டில் இருவர் வாக்களித்தால், இரண்டு தனி வாக்கு உறைகளை ஒரே கூரியர் பையில் வைக்கலாமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு வாக்குகள் நிராகரிக்கப்படுவதற்கு முதல் காரணம் தாமதம்தான். தேர்தல் நாளுக்குப் பிறகு சில நாள் வரை ஏற்கும் மாநிலங்கள் உண்டு. அந்தச் சலுகையை நம்பி அனுப்பாதீர்கள். அது அடிக்கடி மாறுகிறது, வழக்குகளும் நடக்கின்றன. நவம்பர் 3க்குள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றே கணக்குப் போடுங்கள்.

அக்டோபர் முதல் வாரம் ஆகியும் சீட்டு வராவிட்டால்?
– வாசகர், சிங்கப்பூர்

முதலில் கவுண்டிக்கு மின்னஞ்சல். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் எஃப்.டபிள்யூ.ஏ.பி. என்ற மாற்றுச்சீட்டை எடுங்கள். அதே எஃப்.வி.ஏ.பி. தளத்தில் கிடைக்கும் வெற்றுச்சீட்டு அது. வேட்பாளர் பெயரையோ கட்சியின் பெயரையோ நீங்களே கையால் எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிந்தால் ஏற்பார்கள். ஒரு நிபந்தனை: பெரும்பாலான மாநிலங்களில், உரிய தேதிக்குள் எஃப்.பி.சி.ஏ. அனுப்பியிருந்தவருக்கு மட்டுமே இது செல்லும்.

மாற்றுச்சீட்டை அனுப்பிய பிறகு அசல் சீட்டு வந்துவிட்டால் அதையும் நிரப்பி அனுப்புங்கள். இரட்டை வாக்காகிவிடுமோ என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். அசல் நேரத்துக்குப் போனால் அதை எண்ணுவார்கள், மாற்றை ஒதுக்கிவிடுவார்கள். அசல் தாமதமானால் மாற்று எண்ணப்படும். சட்டமே இப்படித்தான் வகுத்திருக்கிறது.

என் வாக்கு கையெழுத்துப் பொருத்தம் இல்லை என்று நிராகரிக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. நான்தானே போட்டேன்?
– வாசகர், லண்டன்

நம் ஆட்களுக்கு இது கூடுதலாக நடக்கக் காரணங்கள் உண்டு. பழைய டிரைவிங் லைசென்ஸில் இனிஷியலோடு ஒரு கையெழுத்து, குடியுரிமை வாங்கும்போது அப்பா பெயர் குடும்பப் பெயராகி வேறொரு கையெழுத்து, வங்கிக்குத் தமிழில் இன்னொன்று. பல மாநிலங்கள் வாக்குறையின் கையெழுத்தைத் தங்கள் கோப்பில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எஃப்.பி.சி.ஏ. அனுப்பும்போது போட்ட கையெழுத்தும் அந்தக் கோப்பில் சேரும். எனவே விண்ணப்பத்தின் ஸ்கேன் பிரதியை வைத்திருந்து, உறையில் போடும்போது அதைப் பார்த்துப் போடுங்கள். பெயரும் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே. இனிஷியலை முன்னால் பின்னால் மாற்றாதீர்கள். முந்தைய பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதை வெறுமையாக விடாதீர்கள்.

பல மாநிலங்களில் குறையைச் சரிசெய்யச் சில நாள் அவகாசம் தருவார்கள். ஆனால் உங்களைத் தொடர்புகொள்ள மின்னஞ்சல் இருந்தால்தானே தருவார்கள்? அந்தக் கட்டத்தை நிரப்பாதவருக்கு அந்த வாய்ப்பே போய்விடுகிறது.

வாக்களித்தால் மாநில வருமான வரி கேட்டு வருவார்கள் என்கிறார்களே?
– வாசகர், பெங்களூரு

கூட்டாட்சிப் பதவிகளுக்கு வாக்களிப்பதை வைத்து உங்கள் வசிப்பிடத்தை வரிக்காகத் தீர்மானிக்கக் கூடாது என்று 1986 சட்டமே சொல்கிறது. கூட்டாட்சி வரிக்கும் வாக்குக்கும் சம்பந்தமே இல்லை; குடிமகன் எங்கே இருந்தாலும், வாக்களித்தாலும் அளிக்காவிட்டாலும், உலக வருமானத்தைக் கணக்குக் காட்டியாக வேண்டும். மாநில, உள்ளூர்ப் பதவிகளுக்கும் சேர்த்து வாக்களித்தால் மட்டும், வசிப்பிடத்தை நிறுவும் பல சான்றுகளில் அதையும் ஒன்றாக ஒரு மாநிலம் எடுத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா, வர்ஜீனியா போன்ற கண்டிப்பான மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் கூட்டாட்சிச் சீட்டு மட்டும் வாங்குவது பற்றி வரி ஆலோசகரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். டெக்சாஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லை. வரிக்குப் பயந்து வாக்கையே விடுவது தேவையற்ற இழப்பு.

என் மனைவியிடம் கிரீன் கார்டு. அவரும் வாக்களிக்கலாமா? என்னிடம் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது, இந்தியத் தேர்தலில் நான் வாக்களிக்கலாமா?
– வாசகர், மதுரை

இரண்டுக்கும் இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். தான் குடிமகள் என்று படிவத்தில் தவறாகக் குறித்தாலே நாடு கடத்தும் அளவுக்குப் போகும், பின்னாளில் குடியுரிமையும் கிடைக்காது. கணவருடைய படிவத்தை நிரப்பும் கையோடு மனைவிக்கும் ஒன்று நிரப்பிவிடும் பழக்கம் இங்கே பேராபத்து. ஓ.சி.ஐ. அட்டைக்கு இந்தியாவில் வாக்குரிமை கிடையாது. உங்களுக்கு இருப்பது அமெரிக்க வாக்கு ஒன்றுதான்.

கட்சிகளில் சேர முடியுமா? நன்கொடை கொடுக்கலாமா?
– வாசகி, டொராண்டோ

முடியும். ஜனநாயகக் கட்சிக்கு 1964இல் தொடங்கிய டெமக்ராட்ஸ் அப்ராட் என்ற அமைப்பு இருக்கிறது. கட்சி அதை ஒரு மாநிலத்துக்குச் சமமாக நடத்துகிறது. 2008 முதல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உலகளாவிய பிரைமரி (கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வுத் தேர்தல்) நடத்தி, தேசிய மாநாட்டுக்குத் தன் பிரதிநிதிகளை அனுப்புகிறது. அந்தப் பிரைமரியில் வாக்களித்தவர் தன் மாநிலத்தின் அதிபர் பிரைமரியில் வாக்களிக்கக் கூடாது. ஆனால் அதே நாள் நடக்கும் ஸெனட், பிரதிநிதி சபைப் பிரைமரியில் வாக்களிக்கலாம். குடியரசுக் கட்சி ஆதரவாளர்களுக்கு 2013இல் தொடங்கிய ரிபப்ளிகன்ஸ் ஓவர்சீஸ் இருக்கிறது. அதற்கு மாநாட்டுப் பிரதிநிதிகள் கிடையாது. அந்தக் கட்சியினர் தங்கள் மாநிலப் பிரைமரியில்தான் வாக்களிக்க வேண்டும். எஃப்.பி.சி.ஏ.வில் கட்சி கேட்கும் கட்டம் இதற்காகத்தான். பல மாநிலங்களில் அதைக் காலியாக விட்டால் பிரைமரிச் சீட்டு வராது.

நன்கொடையைக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் தரலாம். ஒரு கூட்டாட்சி வேட்பாளருக்கு 2025–26இல் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பு. பிரைமரி தனி, பொதுத்தேர்தல் தனி. வெளிநாட்டு முகவரியிலிருந்து பணம் வந்தால் பிரசாரக் குழு பாஸ்போர்ட் பிரதி கேட்கும். கேட்பது சட்டப்படி அவர்களுக்குப் பாதுகாப்பு, கொடுத்துவிடுங்கள். கிரீன் கார்டும் இல்லாத வெளிநாட்டவர் ஒருவரின் பணத்தை உங்கள் பெயரில் அனுப்புவது சட்டவிரோதம். மனைவியோ கணவரோ கனடியக் குடிமக்கள் என்றால், கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்பாமல் உங்கள் தனிக் கணக்கிலிருந்து அனுப்புவது நல்லது.

போட்டி கடுமையாக இருந்தால்தான் வெளிநாட்டு வாக்குகளை எண்ணுவார்களாமே? அப்புறம் எதற்கு இத்தனை சிரமம்?
– வாசகர், சேலம்

தவறான நம்பிக்கை. உரிய காலத்தில் வந்த, செல்லத்தக்க எல்லா வாக்குகளும் எண்ணப்பட்டு இறுதி முடிவில் சேர்கின்றன. தொலைக்காட்சிகள் அன்றிரவே வெற்றியாளரை அறிவித்துவிடுவதால் பின்னால் எண்ணுவது யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலை ஃபுளோரிடாவின் 537 வாக்குகள் தீர்மானித்தன. அந்தக் கணக்கில் வெளிநாட்டுத் தபால் வாக்குகளும் இருந்தன. 2020இல் அயோவாவின் இரண்டாவது காங்கிரஸ் தொகுதியில் வித்தியாசம் வெறும் 6 வாக்கு. எஃப்.வி.ஏ.பி. மதிப்பீட்டின்படி வெளிநாட்டில் வாக்களிக்கும் வயதில் இருக்கும் அமெரிக்கக் குடிமக்கள் ஏறக்குறைய 28 லட்சம் பேர். அவர்களில் 2020 அதிபர் தேர்தலில் வாக்களித்தவர்கள் 7.8 சதவீதம், 2022 இடைக்காலத் தேர்தலில் 3.4 சதவீதம். இத்தனை பேர் ஒதுங்கி நிற்பதால்தான் இவர்களுடைய பிரச்சினைகளை வாஷிங்டனில் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இரட்டை வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை என்று வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இத்தனை தொல்லை. இதை யாரிடம் சொல்வது? நமக்கென்று ஒரு எம்.பி. உண்டா?
– வாசகர், புதுச்சேரி

தனியாக இல்லை. பிரான்ஸ் தன் வெளிநாடுவாழ் குடிமக்களுக்கென்றே நாடாளுமன்றத்தில் 11 தொகுதிகள் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அப்படி எதுவும் கிடையாது. வெளிநாட்டு வாக்குகள் 50 மாநிலங்களிலும் சிதறிப்போகின்றன. உங்கள் பழைய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ, அந்தப் பிரதிநிதியும் அந்த மாநிலத்தின் இரண்டு ஸெனட்டர்களும்தான் உங்களுக்கும் உறுப்பினர்கள். அவர்களுடைய இணையப் படிவம் ஜிப் கோடு கேட்கும். வாக்காளர் முகவரியின் ஜிப்பைக் கொடுங்கள். முதல் வரியிலேயே "உங்கள் தொகுதியில் பதிவுபெற்ற வாக்காளர், இப்போது இந்தியாவில் வசிக்கிறேன்" என்று எழுதுங்கள். இந்த வரி இல்லாத கடிதத்தை வெளியாள் என்று நினைத்து உதவியாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். எல்லா வெளிநாட்டு வங்கிக் கணக்குகளையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலே அறிக்கை தர வேண்டும் என்ற வரம்பு பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது. வசிக்கும் இடத்தை வைத்து வரி விதிக்கும் முறைக்கான மசோதாவை 2024 டிசம்பரில் இலினாய்ஸ் உறுப்பினர் டேரின் லாஹுட் கொண்டுவந்தார். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே, இரு நாட்டிலும் ஓய்வூதியப் பங்களிப்பு கட்டுவதைத் தவிர்க்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததும் நம்மைப் பாதிக்கிறது. மூன்றையும் ஒரே கடிதத்தில் கொட்டாமல், ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக் கணக்கில் அது என்ன செய்கிறது என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பித்தல் இழுப்பது, சோஷியல் செக்யூரிட்டிப் பணம் நிற்பது போன்ற சொந்தப் பிரச்சினை என்றால் வழி வேறு. உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் தனிநபர் உதவிப் பிரிவு இருக்கும், அங்கே எழுத வேண்டும். முதலில் ஒரு ஒப்புதல் படிவம் அனுப்புவார்கள். 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி அதில் நீங்கள் கையெழுத்திடாதவரை, உங்கள் கோப்பைப் பற்றி எந்தத் துறையிடமும் அவர்களால் கேட்க முடியாது. கணவன், மனைவி இருவர் விவகாரமும் என்றால் இரண்டு படிவங்கள், இரண்டு கையெழுத்துகள்.